சிறுவாடு

'சிறுவாடு' என்பதை எங்கள் பக்கத்தில் பாராட்டாகவே சொல்வார்கள். அரிசிப்பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் முந்தானை முடிச்சிலும் பெண்கள் ஒளித்துச் சேர்த்த காசு. பெரம்பலூரில் சின்ன வெங்காயம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டுக்கும் போன கூலியில் மிஞ்சியது. மகளின் பரீட்சைக் கட்டணமும் நள்ளிரவு ஆஸ்பத்திரிச் செலவும் அதில்தான் நடந்தன. அந்தச் சிக்கனத்தை மெச்சும் நாம், ஏன் ஒளித்தார்கள் என்று கேட்பதில்லை. தன் காசு தன்னுடையதாக இருந்தால் அதை அரிசிக்குள் எதற்குப் புதைக்க வேண்டும்?

ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு, அக்கன் குந்தவையும் தன் பெண்டிரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். அரண்மனைப் பெண்களின் பொருள் கல்லில் ஏறியது. களை பறித்தவளின் பொருளுக்குக் கணக்கே இல்லை.

கணக்கு கேட்டது இருபதாம் நூற்றாண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவர் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விருப்பம்போல் விற்க முடியாது. 1956இல்தான் அவள் முழு உரிமையாளர் ஆனாள். 1989இல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அதற்குமுன் மணமாகிப் போனவர்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தத்தில்தான் அவர்களுக்கும் கதவு திறந்தது.

சட்டத்தில் உரிமை வந்தாலும் வீட்டுக்குள் பணம் யார் கையில் என்பது வேறு கதை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது, பல பெண்கள் சிறுவாட்டை எடுத்துக் கணவர் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. 'எனக்குத் தெரியாமல் இவ்வளவு ஏது?' என்ற கேள்விக்கும் பதில் சொன்னார்கள். அன்று கொடுத்ததைத் திரும்பப் பார்க்காதவர்கள் உண்டு.

குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், 2005, இதற்குப் பெயர் வைத்தது: பொருளாதார வன்முறை. அடியும் வசவும் போல இதுவும் வன்முறையே என்கிறது மூன்றாம் பிரிவு. வீட்டுச்செலவுக்குத் தராமல் இழுத்தடிப்பது, சீதன நகையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, அவளுக்குப் பங்குள்ள சொத்தை விற்பது, அவள் பயன்படுத்தும் உரிமையுள்ள பணத்தையும் பொருளையும் தொடவிடாமல் தடுப்பது எல்லாம் அதில் அடங்கும்.

நம் ஊரில் இது எப்படி இருக்கும்? மகளிர் குழுக் கடன் அவள் பெயரில். பணம் அவர் கையில். தவணை நாளில் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பவள் அவள். நூறுநாள் வேலைச் சம்பளம் அவள் கணக்கில் ஏறும். ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கும். என் வகுப்பில் புதுமைப்பெண் திட்டத்தின் 1000 ரூபாய் வாங்கும் மாணவிகளிடம், கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன். 'அண்ணன்கிட்ட, மேம்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அக்கறைக்கும் அதிகாரத்துக்கும் வேறுபாடு காண ஒரு வழி உண்டு: கேட்டால் கார்டு கைக்கு வருகிறதா, சண்டை வருகிறதா?

வீட்டுவேலைக்கும் விலை உண்டு என்பதை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சவூதியில் சம்பாதித்து அனுப்பிய கணவருக்கும், இங்கே வீட்டைக் காத்த மனைவிக்கும் இடையிலான வழக்கில், அவள் உழைப்பும் சொத்தில் பங்குக்கு உரியது என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் நம் ஊர்களில் வாசித்துக் காட்ட வேண்டிய தீர்ப்பு அது.

உதவி தேடுகிறவர்களுக்கு: 181 மகளிர் உதவி எண். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போகும். செலவுப்பணம் கேட்கலாம், சொத்தை விற்கவும் வங்கிக் கணக்கை, லாக்கரைத் தொடவும் தடை கேட்கலாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம்; எண் 15100. அடகுச்சீட்டு, பாஸ்புக், குழுக்கடன் நோட்டு, நகை தெரியும் கல்யாணப் படம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்து வையுங்கள். அரிசிப்பானைக்குள் அம்மா காசு வைத்தாள். மகள் வைக்க வேண்டியவை இந்தக் காகிதங்கள்.