முதுகும் சில்லும்: கல்முனைக் கரையின் வண்டில் வழி

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என வரிசையாக அமைந்த முஸ்லிம் ஊர்களும், அவற்றின் இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் போன்ற தமிழ் இந்து ஊர்களும் கடலை ஒட்டிய ஒடுங்கிய மணல்மேட்டில் குடியிருந்து, மேற்கே விரிந்த வயல்வெளியில் விளைவித்து, அதற்கும் அப்பாலுள்ள காட்டோடும் மலைநாட்டோடும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவை. வீடு ஓரிடத்திலும் விளைநிலம் வேறிடத்திலும் சந்தை மூன்றாம் இடத்திலுமாக அமைந்துவிட்ட இத்தகைய வாழ்வில், பாரத்தை இழுத்துச் செல்வதும் வழியில் தங்குவதும் அன்றாடத் தேவைகளாயின. 1928இல் மட்டக்களப்பை எட்டிய இருப்புப்பாதை அதற்குத் தெற்கே நீட்டப்படவில்லை. ஆகவே கல்முனைக்கு இன்றளவும் தரைவழி என்றால் தெருவழி மட்டுமே. இக்கரையின் வணிக வரலாற்றைத் துறைமுகங்களையும் படகுகளையும் கொண்டு எழுதுவதே வழக்கமாக இருந்துவர, மாட்டின் முதுகையும் வண்டிலின் சில்லையும் கொண்டு எழுதவேண்டிய பெரும்பகுதி எழுதப்படாமலே கிடக்கிறது.

அந்தப் பகுதியின் முதல் அதிகாரம் தவளம். பொதிமாடுகளை நிரையாக ஓட்டிச் சென்று நடத்தப்பட்ட வணிகத்துக்கும் அந்த மாட்டு நிரைக்கும் தவளம் என்றே பெயர். சிங்களத்திலும் இச்சொல் ‘தவலம’ என வழங்குகிறது. தங்குமிடம் என்று பொருள்படும் ‘தாவளம்’ என்ற தமிழ்ச் சொல்லோடு இது ஒலியளவில் மட்டுமன்றிப் பொருளளவிலும் நெருங்கி நிற்பது கருதத்தக்கது. நடப்பதைப் போலவே இறங்கித் தங்குவதும் இத்தொழிலின் பாதியாக இருந்தது. ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் இருபுறமும் ஒத்த நிறையுடைய இரண்டு பொதிகள் தொங்கவிடப்பட்டன. ஒருபுறம் கனத்தால் பொதி சரியும், சரியும் பொதி மாட்டின் தோலை உரசிப் புண்ணாக்கும், புண்பட்ட மாடு மறுநாள் நடவாது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே சென்றன. மலைநாட்டிலிருந்தும் அதன் கிழக்கே கிடந்த வெல்லஸ்ஸைக் காடுகளிலிருந்தும் பாக்கும் மிளகும் தேனும் மெழுகும் கீழே வந்தன. மலைநாட்டைத் தளமாகக் கொண்ட கண்டி அரசுக்கு உப்பு உயிர்ப்பண்டம் என்பதனால், அதைச் சுமந்தவர்கள் வெறும் வணிகர்களாக மட்டும் கருதப்படவில்லை.

போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்ற செய்தி போர்த்துக்கேயப் பாதிரியார் குவேய்றோஸின் நூல் வழியாக வரலாற்றாசிரியர்களால் எடுத்தாளப்படுகிறது. அன்றைய மட்டக்களப்பு என்பது இன்றைய அம்பாறைக் கரையையும் உள்ளடக்கியது. கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்றொரு துறை இருந்தது. ‘பத்த’ என்றால் துறை, மடிகே என்பது பொதிமாட்டுச் சேவை. அரசனின் தானியத்தையும் பண்டங்களையும் மாடுகளில் ஏற்றிச் செல்லும் கடமையுடைய இத்துறையில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்ததை லோனா தேவராஜா 1994இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். பாதுகாப்புக் கருதிக் கண்டி மன்னர்கள் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தமையால், சில்லுகள் நுழைய முடியாத நாட்டில் குளம்புகளே நுழைந்தன.

இச்சேவையின் தலைமை எவ்வளவு கனமான பதவி என்பதை 1817ஆம் ஆண்டின் நிகழ்வுகள் உணர்த்துகின்றன. கண்டியைக் கைப்பற்றியிருந்த பிரித்தானியர் வெல்லஸ்ஸை முஸ்லிம்களை அங்கிருந்த கண்டித் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்து, அவர்களுக்கு ஹாஜி மரைக்காரை மடிகே முகாந்திரமாக, அதாவது பொதிமாட்டுச் சேவையின் தலைவராக, நியமித்தனர். அதனால் எழுந்த மனக்கசப்பு ஊவாக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஹாஜியும், பதுளையிலிருந்து நிலைமையை அடக்க வந்த அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியை ஒடுக்கும்போது ஊர்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. மாடழிந்தால் தவளமும் அழியும். இந்தக் கிளர்ச்சியைப் பிரபுக்களின் கதையாகவே படித்துப் பழகியவர்களுக்கு, அதன் உள்ளே பொதிமாட்டுக்காரர்களின் கதையும் கலந்திருப்பது புலப்படாமற் போவது வருந்தத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் தெருக்களை அகலமாக அமைத்த பின்னரே மாட்டு வண்டில் தீவின் உட்பகுதிகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் சக்கரம் எனப்படுவதை இப்பகுதி மக்கள் சில்லு என்பர். வண்டியை வண்டில் என்பர். போர்த்துக்கேயச் சொல்வழி வந்த கரத்தை என்பதும் வழக்கில் உண்டு. சில்லைச் செய்வது இரு கைகளின் வேலை. தச்சர் நடுவே குடத்தைக் கடைந்து, அதில் ஆரக்கால்களைச் செருகி, அவற்றின் நுனிகளை வளைந்த மரத்துண்டுகளால் இணைத்து வட்டமாக்குவார். கொல்லர் அந்த வட்டத்தைவிடச் சற்றே சிறிய இரும்புப் பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரத்தின்மேல் ஏற்றி, உடனே நீரூற்றிச் சுருங்கச் செய்வார். இரும்பு சுருங்கும் விசையில் தளர்ந்திருந்த மூட்டுகள் யாவும் இறுகிவிடும். ஆணியும் பசையும் செய்ய இயலாததை வெப்பத்தின் ஏற்றமும் இறக்கமும் செய்து முடித்த இந்த நுட்பத்தை, இயந்திரப் பட்டறைகளின் வரலாற்றுக்கு எவ்விதத்திலும் குறையாத மதிப்போடு பதிவு செய்யவேண்டும்.

இருசில்லு வண்டிலின் உயிர் அதன் சமநிலையில் இருக்கிறது. அச்சுக்கு முன்னே விழும் நிறையை முன்பாரம் என்றும் பின்னே விழுவதைப் பின்பாரம் என்றும் கூறுவர். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சிறிதளவு முன்பாரம் இருக்குமாறு மூட்டைகளை அடுக்குவதே வண்டில்காரரின் கைத்திறன். இன்று மேலைநாடுகளில் மோட்டார் வாகனத்தின் பின்னே பூட்டி இழுக்கப்படும், படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் கொண்ட ‘கேம்பர் டிரெய்லர்’ எனும் உறைவிட இழுவண்டிக்கும் இதுவே முதல் விதி: மொத்த நிறையில் ஒரு சிறு பங்கு கொக்கியின்மேல் அழுந்தாவிட்டால், வேகத்தில் இழுவண்டி பாம்புபோல் ஆடி, இழுக்கும் வாகனத்தையும் புரட்டிவிடும். இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் உறைவிட வண்டிகளுள் ஒன்றாகப் பெயர்பெற்ற ‘வாண்டரர்’, மருத்துவரும் எழுத்தாளருமான கோர்டன் ஸ்டேபிள்சுக்காக 1885இல் இங்கிலாந்தில் உருவானது. அதனையும் குதிரைகளே இழுத்தன.

வண்டிலையே வீடாக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. உப்பு விற்கும் உமணர்கள் வேய்ந்த கூரையுடைய வண்டிகளில் குடும்பத்தோடும் சமையற் பொருள்களோடும் நெடுவழி சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. மேடுபள்ளம் எங்கென்று தெரியாத வழிக்கென அவர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஒளவையாரின் புறநானூற்றுப் பாட்டொன்று உவமையாக்குகிறது. கிழக்கிலங்கையின் கூடார வண்டில் அந்த மரபின் பிற்காலக் கிளை எனலாம். வளைத்த கம்புகளின்மேல் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, வேய்ந்த கூரை. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய். அடியில் தொங்கும் அரிக்கன் விளக்கு. அச்சுக்கு இடும் மை. வைக்கோல் மனிதருக்கு மெத்தையாகவும் மாட்டுக்குத் தீனியாகவும் ஒருங்கே பயன்பட்டமையால், பயணம் நீள நீள மெத்தை மெலிந்தது. வயலுக்குச் செல்லும்போது வண்டில் தங்குமிடமாக இராமல், தங்குமிடத்துக்கான பொருள்களைக் கொண்டுசேர்க்கும் ஊர்தியாக இருந்தது: போடியார் எனப்படும் நிலவுடைமையாளரின் வயலில் விதைப்பிலிருந்து சூடடிப்புவரை வேலையாட்கள் ‘வாடி’ எனும் ஓலைக்குடிலில் தங்கினர், யானைக்குக் காவலாகப் பரணில் விழித்திருந்தனர், அரிசியும் உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் கரையூரிலிருந்து வண்டிலில் வந்தன, திரும்பும் வண்டில் நெல்லைச் சுமந்தது.

1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இந்தக் காட்சியை மாற்றியது. இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் பரவி, காடு வயலாகியபோது, பழைய தவளப் பாதைகள் பலவற்றின் பயன் முடிந்தது. குடியேற்றங்களால் நிலத்தின் மக்கள்தொகையும் அரசியலும் மாறி, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீரோடு உழவு இயந்திரமும் வந்தது. உழும் பருவத்தில் கலப்பையையும், சூடடிக்கும் பருவத்தில் எருமைகளுக்குப் பதிலாகத் தன் சில்லுகளையும் பயன்படுத்திய அந்த இயந்திரம், எஞ்சிய மாதங்களில் ‘பெட்டி’யை இழுத்தது. பலகையாலும் இரும்பாலும் ஆன இழுவண்டியே பெட்டி. நடந்தபடி கைப்பிடித்து ஓட்டும் இருசில்லு இயந்திரத்துக்கு ‘லேண்ட்மாஸ்டர்’ என்ற ஆங்கிலேய வணிகப் பெயரே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. அதில் பெட்டியைப் பூட்டியதும் ஓட்டுநர் நடப்பதை விட்டுப் பெட்டியின் முகப்பில் ஏறி அமர்ந்துகொள்கிறார். முன்னே இரு சில்லு, பின்னே இரு சில்லு, நடுவே ஒரே ஓர் ஊசி இணைப்பு: நுகம் இருந்த இடத்தில் இன்று அந்த ஊசி இருக்கிறது.

பெட்டி நெல்லையும் உரத்தையும் மணலையும் மட்டும் ஏற்றுவதில்லை. அறுவடைக் காலத்தில் வாடிக்குச் செல்லும் ஆட்களும் சட்டிபானைகளும் பாய்களும் தண்ணீர்க் கலன்களும் அதிலேயே ஏறுகின்றன. மழை வந்தால் மேலே ஒரு படங்கு விரிகிறது. மூட்டைகளை ஏற்றுபவர் முதல் மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னே வைத்துத் தொடங்குகிறார்.