எந்த வேலைக்கு எந்தத் தலை ஸ்க்ரூ?

காற்றில் கொட்டகைத் தகரம் பெயர்வதற்கும், உழவு நேரத்தில் போல்ட் கழற்ற வராமல் வேலை நிற்பதற்கும் பொருந்தாத தலையும் ஒரு காரணம். ஸ்க்ரூ வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எவ்வளவு இறுக்கம் தேவை, திரும்பக் கழற்ற வேண்டிவருமா, தலை வெளியே துருத்திக்கொண்டு இருக்கலாமா?

கொட்டகைத் தகரம்

அறுகோணத் தலையும் ரப்பர் வாஷரும் உள்ள ஸ்க்ரூவே ஏற்றது. இரும்புச் சட்டத்துக்கு, நுனியில் துளையிடும் முனை உள்ளதாகக் கேட்டு வாங்கவும். தகரத்தின் பள்ளத்தில் போடாமல் மேட்டில் போட்டால் ஸ்க்ரூவைச் சுற்றித் தண்ணீர் தேங்காது. வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கிழிந்து, மழையில் ஒழுகும்.

கலப்பை, கல்டிவேட்டர்

இவற்றுக்கு அறுகோணத் தலை போல்ட்தான். ஸ்பேனர் பக்கவாட்டில் கவ்விப் பிடிப்பதால் நல்ல இறுக்கம் கிடைக்கும். பொதுவாக 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 எண் ஸ்பேனரும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 17 எண் ஸ்பேனரும் பொருந்தும். தளர்வான ஸ்பேனரைப் போட்டால் தலையின் முனைகள் மழுங்கிவிடும்.

மரக் கதவு, மாட்டுத் தடுப்பு

கதவுக் கீலுக்குச் சமதலை ஸ்க்ரூ போடவும். தலை கீலின் துளைக்குள் அமர்ந்துவிடுவதால் கதவு இடிக்காமல் மூடும். இதையே தகரத்துக்குப் போட்டால், மெல்லிய தகரம் கிழிந்து தலை வழியாகவே கழன்றுவிடும்.

மாடு உரசும் பலகைகளுக்கு, வழவழப்பான குமிழ்த் தலையும் சதுரக் கழுத்தும் உள்ள போல்ட் நல்லது. கழுத்து மரத்தில் பதிவதால் நட்டை முடுக்கும்போது போல்ட் சுற்றாது. குமிழ் மாட்டின் பக்கமும் நட் வெளிப்பக்கமும் இருக்கட்டும். தோலில் கீறல் படாது.

பிளஸ், மைனஸ், ஆலன் தலை

ஸ்டார்டர் பெட்டி மூடி போன்ற சிறிய வேலைகளுக்கு பிளஸ், மைனஸ் தலைகள் போதும். பெட்டியைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும். பள்ளத்துக்குச் சரியான அளவு டிரைவரை நன்கு அழுத்தியபடியே திருப்பினால் தலை வழுக்காது.

ஆலன் தலையின் குழியில் சேறு இறுகினால் ஆலன் கீ முழுதாக இறங்காது. கம்பியால் சுத்தம் செய்த பிறகே கீயைப் போடவும்.

தலை தேய ஆரம்பித்த ஸ்க்ரூவை மறுபடி முடுக்காதீர்கள். கழற்ற வரும்போதே மாற்றிவிடுங்கள். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்றால் நீளம், பருமன், மரை மூன்றும் சரியாகப் பார்த்து வாங்கலாம்.