ஓரியூரின் செம்மணலும் நஜ்ரானின் அகழியும்

மதுரைக்குக் கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை வட்டத்தில் ஓரியூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே மண் சிவந்திருக்கும். 1693 பிப்ரவரி 4 அன்று அவ்விடத்தில் வெட்டுண்ட அருளானந்தரின் இரத்தம் பட்டே அது சிவந்தது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அம்மண்ணை அவர்கள் பக்தியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். 1606இல் தொடங்கப்பெற்ற மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்து, காவியுடுத்தி, புலால் நீக்கி, தமிழ்த் துறவியாகவே வாழ்ந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, பின்னர் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்றவர் அங்கேயே தங்கிவிடாமல் மீண்டும் இங்கு வந்தார். சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவருடைய முறையீடு அரசவையை எட்டியது. அருளானந்தர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். 1947இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. மதுரையை அடுத்த கருமாத்தூரில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அப்போது மறவர் நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. நம் முன்னோர் போற்றும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியை உற்ற நண்பராகக் கொண்டிருந்தவரும் அவரே. ஒரே மன்னர் நமது நினைவில் நண்பர். கிறிஸ்தவர்களின் நினைவில் மரண தண்டனை விதித்தவர். பிறரது துயரத்தை நமது நினைவில் எங்கே வைப்பது என்னும் கேள்வி இங்கே எழுகிறது.

இதற்கு அருள்மறை வழிகாட்டுகிறது. மக்காவில் இறங்கிய அல்புரூஜ் அத்தியாயம் அகழியில் எரிக்கப்பட்ட இறைநம்பிக்கையாளர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் தென் அரேபியாவின் நஜ்ரானில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. ஏறத்தாழ கி.பி. 523இல் யமன் மன்னன் தூ நுவாஸ் அவர்களைக் கொன்றான். அவர்கள் செய்த ஒரே 'குற்றம்' அல்லாஹ்வை நம்பியதுதான் என்கிறது இறைவசனம். சுஹைப் (ரலி) அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நபிமொழியில், நெருப்பின் முன் தயங்கிய ஒரு தாய்க்கு அவளது கைக்குழந்தையே பேசி உறுதியூட்டுகிறது. பிலால் (ரலி), சுமைய்யா (ரலி) போன்றோர் வதைக்கப்பட்ட நாட்களில், நம்மவர்க்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டவர்கள் இந்த முந்தைய சமுதாயத்தினரே.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அல்லாஹ் அந்த மன்னனின் பெயரையோ இனத்தையோ குறிப்பிடவில்லை, கொடுமையையே கண்டிக்கிறான். வதைத்தவர்களை எச்சரிக்கும்போதும் 'பாவமன்னிப்புக் கோராதவர்கள்' என்று வரையறுத்து, அவர்களுக்கும் தவ்பாவின் வாசலைத் திறந்து வைக்கிறான். தியாகிகளின் உறுதியை நினைவுகூர்வது கடமை. ஆனால் அந்த நினைவைக் கொண்டு ஒரு குலத்தின் மீதோ சமயத்தின் மீதோ தலைமுறைப் பகையை வளர்க்க நமக்கு அனுமதியில்லை.

ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கொள்கையில் நமக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. அதை மறைக்கவோ மழுப்பவோ தேவையில்லை. எனினும் ஒரு சொல் நம்மை அருகருகே நிறுத்துகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் தியாகிகளை 'மறைசாட்சி' என்பர். 'ஷஹீத்' என்னும் அரபுச் சொல்லின் வேரும் சாட்சியம்தான். நம்பியதற்கு உயிரால் சாட்சி கூறுதலே இரண்டின் உட்பொருள்.

ஆகவே, ஓரியூரைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளித் தோழர்களிடம் கேட்டுவந்து வினவினால், அதை 'அவர்கள் கதை' என்று தள்ளிவிட வேண்டாம். நடந்ததை நேர்மையோடு சொல்வோம். கூடவே அகழிவாசிகளின் வரலாற்றையும் ஓதிக் காட்டுவோம்.

சோதனையில் உறுதியையும், பிறர் துயரை மதிக்கும் நீதியுள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.