பரணில் இருக்கிறது மீதிப் பாட்டு

கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பழக்கமான சமாசாரம்தான். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி ஓடும்போது டிரைவர் வைத்திருக்கும் எஃப்.எம். ஜோராகப் பாடும். ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து மேற்கே போகப் போக லேசாக ஓர் இரைச்சல் சேரும். இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்த இரைச்சல் அடங்கிவிடும். பாட்டு மட்டும் ஏனோ முன்னைவிடச் சப்பென்று, எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

சிக்னல் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். நடந்ததே வேறு. ரேடியோ நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டீரியோவை மோனோ ஆக்கிவிட்டது. பழைய பெரிய செட்டுகளில் இதற்கென்றே ஒரு குட்டி விளக்கு இருக்கும். ஸ்டீரியோ வந்தால் எரியும், போனால் அணையும். இப்போது பல வண்டிகளில் அந்த விளக்கும் கிடையாது.

ஸ்டீரியோ ஏன் மோனோவாகக் கேட்கிறது என்று இன்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் கம்ப்யூட்டரில் ஆடியோ எடிட் செய்கிற பிள்ளைகள். சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். பாதி நேரம் கோளாறே இல்லை. தேவைப்பட்டால் மோனோவாகச் சுருங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஸ்டீரியோவுக்குப் பிறவியிலேயே வைத்த ஏற்பாடு. அந்தக் கதை கொஞ்சம் பழசு.

1881-ல் பாரீஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமென்ட் ஆடெர் என்கிற பிரெஞ்சு இன்ஜினீயர் அங்கே ஒரு வேடிக்கை காட்டினார். ஆப்பரா மேடையின் விளிம்பில் இடமும் வலமுமாக மைக்குகள். அங்கிருந்து கண்காட்சி மண்டபத்துக்கு டெலிபோன் ஒயர்கள். கேட்க வந்தவர் கையில் ஒன்றல்ல, இரண்டு ரிசீவர்கள், காதுக்கு ஒன்றாக. மேடையில் பாடகி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால், கேட்பவர் தலைக்குள்ளும் அவள் நடந்தாள். சினிமா பிறப்பதற்கு முன்பே, ரேடியோ வருவதற்கு முன்பே, ஸ்டீரியோ வந்துவிட்டது!

ஆனால் அதைப் பதிவு செய்து வைக்க வழியில்லை. அதற்கு இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று. ஆலன் ப்ளம்லைன் என்று ஒரு மனுஷன் வர வேண்டியிருந்தது.

லண்டன் இ.எம்.ஐ. கம்பெனி இன்ஜினீயர். 1931-ல், பின்னாளில் தன் மனைவியான டோரீனுடன் பேசும்படம் பார்க்கப் போனாராம். திரையில் கதாநாயகன் ஓர் ஓரமாக நிற்கிறான், குரல் மட்டும் ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஆள் போகும் இடமெல்லாம் குரலும் கூடவே போகிற மாதிரி செய்யத் தனக்கு வழி தெரியும் என்று சொன்னாராம். காதலியிடம் சொல்லும் வார்த்தைகளை எல்லோரும் காப்பாற்றுவதில்லை. இவர் காப்பாற்றினார். அந்த வருடம் டிசம்பர் 14-ம் தேதி பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். எண் 394325. (நம் ஊரில் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்ததும் இதே 1931-ல்தான்.)

அவருடைய ஏற்பாட்டில் பாதி, ஒரு கணக்கு. காமர்ஸ் படித்த எனக்கே புரிந்த கணக்கு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். இடது காதுக்கு 7, வலது காதுக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் அப்படியே அனுப்பாமல், கூட்டல் 10, கழித்தல் 4 என்று அனுப்பினால்? வாங்குகிறவர் பத்தையும் நாலையும் கூட்டிப் பாதியாக்கினால் 7. பத்திலிருந்து நாலைக் கழித்துப் பாதியாக்கினால் 3. இரண்டும் திரும்பக் கிடைத்துவிடும். கழித்தலைப் புரிந்துகொள்ளத் தெரியாத ஏழை மெஷினுக்குப் பத்து மட்டும் போய்ச் சேரும். அதுதான் மோனோ. பாட்டில் எந்த வாத்தியமும் விட்டுப்போகாது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பது மட்டும் போய்விடும்.

இசைத்தட்டிலேயே இதைச் செய்ய முடியும் என்று அவர் காட்டினார். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும். ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் ஒரு சுவர் இடது, இன்னொரு சுவர் வலது, இரண்டும் 45 டிகிரி சாய்வில். விளைவு, பக்கவாட்டு ஆட்டம் கூட்டலாகவும், மேலும் கீழுமான ஆட்டம் கழித்தலாகவும் அமைந்துவிடுகிறது. 1934-ல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் மொஸார்ட்டின் ‘ஜூபிடர்’ சிம்பொனியை நடத்தியபோது ப்ளம்லைன் அதை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். கம்பெனிக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அவரை டெலிவிஷன் வேலைக்கும், பிறகு யுத்தம் வந்ததும் ரேடார் வேலைக்கும் மாற்றிவிட்டார்கள். 1942 ஜூன் 7. ரேடாரைச் சோதிக்கப் போன ஹாலிஃபாக்ஸ் விமானம் விழுந்து நொறுங்கியது. ப்ளம்லைனுக்கு வயது 38. அதற்குள் 128 பேட்டன்ட்டுகள். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958-ல்.

அமெரிக்காவில் 1961-ல் எஃப்.எம். ஸ்டீரியோவை அனுமதித்தபோதும் இதே கணக்குதான். கூட்டல் கீழ்த்தளத்தில், பழைய ரேடியோக்களுக்கும் எட்டுகிற உயரத்தில். கழித்தல் 38 கிலோஹெர்ட்ஸில், பரணில். பரண் இருக்கிறது என்று ரேடியோவுக்குச் சொல்ல 19 கிலோஹெர்ட்ஸில் காதுக்குக் கேட்காத ஒரு விசில். சிக்னல் பலவீனமானால் முதலில் குப்பை சேருவது பரணில்தான். எஃப்.எம்.மில் மேலே போகப் போக இரைச்சல் அதிகம். அதனால் நல்ல ரேடியோ பரண் கதவை மெல்லச் சாத்திவிடுகிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் உங்கள் பாட்டு சப்பென்று ஆனதன் ரகசியம் இவ்வளவுதான். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையிலிருந்துதான் தொடங்கியது, 1977 ஜூலை 23-ல்.

கேசட்டின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்த ஃபிலிப்ஸ் கம்பெனி, பிறகு அதில் ஸ்டீரியோவைப் புகுத்தியபோது இடது, வலது இரண்டு தடங்களையும் டேப்பில் அடுத்தடுத்து ஒட்டினாற்போல் வைத்தது. மோனோ டேப் ரெக்கார்டரின் ஹெட் அகலமானது. இரண்டு தடத்தையும் சேர்த்தே தடவிக்கொண்டு போகும். கூட்டல் தானாக நடந்துவிடும். டீக்கடையில் ஒற்றை ஸ்பீக்கர் டூ இன் ஒன்னில் ஸ்டீரியோ கேசட் போட்டுக் கேட்டவர்கள் யாரும் பாதிப் பாட்டுதான் வருகிறது என்று சண்டை போடவில்லை. போட வேண்டிய அவசியமே வரவில்லை.

தமிழ் சினிமாவில் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த முதல் படம் என்று இளையராஜாவின் ‘ப்ரியா’வைச் சொல்வார்கள், 1978. அன்றைய பெரும்பாலான தியேட்டர்களில் 35 எம்.எம். பிரிண்டின் ஓரத்தில் இருந்த ஒலித்தடம் மோனோ. அதனால் வீட்டில் ஸ்டீரியோ செட்டும் இசைத்தட்டும் வைத்திருந்த வசதிக்காரர்கள் கேட்ட பாட்டு வேறு, கொட்டகையில் விசில் அடித்தவர்கள் கேட்டது வேறு. பிற்பாடு 1986-ல் ‘மாவீரன்’ 70 எம்.எம்.மில் ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில். அதற்கப்புறம்தான் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே பறக்கிறது என்று நாம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தோம்.

இனி நம் ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா தொழிற்சாலை அங்கே 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்டது. அங்கிருந்து கோடிக்கணக்கில் போன சாதாரண போன்களுக்கு ஒற்றை ஸ்பீக்கர்தான், அதாவது டீக்கடை தர்மம். இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் தயாரிக்கும் ஐபோன்களில் ஸ்டீரியோ ஸ்பீக்கர் உண்டு. கூடவே செட்டிங்ஸுக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு ஸ்விட்சும் உண்டு. ஒரு காது கேட்காதவர்களுக்காக வைத்தது. அவர்களுக்கு ஸ்டீரியோ என்பது நிஜமாகவே பாதிப் பாட்டு. ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டு வருகிற சிநேகிதிகளைப் பார்க்கிறோமே, அவர்களுக்கும் அதேதான். ஒருத்திக்கு வயலின் கேட்கும், இன்னொருத்திக்கு கிடார். அந்த ஸ்விட்சைப் போட்டால் இருவருக்கும் முழுப் பாட்டு. போட்டதை மறந்துவிட்டால் அடுத்த வாரம் ‘போன் ரிப்பேர்’ என்று கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தபோது, இரண்டு மைக் உள்ள சின்ன ரெக்கார்டரை வைத்து மூன்று ராத்திரி பதிவு செய்திருக்கிறார். ஒரு பக்கம் மிருதங்கம், இன்னொரு பக்கம் முகவீணை, நடுவில் கட்டியங்காரன். லேப்டாப்பில் போட்டால் எல்லாம் ஒரே குவியலாகக் கேட்கிறதாம். “ரெக்கார்டர் டுபாக்கூரா அண்ணா?” என்று கேட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது ரெக்கார்டரை அல்ல, காதில் மாட்டியிருப்பதை. ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்தால் போதும், பல ஹெட்போன்கள் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் ஒலி மோனோ, தரமும் மட்டம். எடிட் செய்யும் சாஃப்ட்வேர் ரெக்கார்டிங்குக்குத் தயாராக அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தப் பாட்டைப் போட்டாலும் இதே கதிதான். ஒயர் ஹெட்போனை மாட்டச் சொன்னேன். மூன்றாம் ராத்திரிப் பதிவில் முகவீணை தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் ராத்திரிப் பதிவு மட்டும் அப்போதும் குவியலாகவே இருந்தது. அதை வீடியோவோடு சேர்க்க ப்ரீமியரில் போட்டிருந்தார். அங்கே ஆடியோ டிராக்கே மோனோ ரகம். மோனோ டிராக்கில் ஸ்டீரியோ கிளிப்பை வைத்தால் அது மறு பேச்சில்லாமல் கூட்டிவிடும். கிளிப்புக்கென்று தனியாக ஆடியோ சேனல் அமைப்பும் உண்டு. அதை மாற்றினாலும் டைம்லைனில் ஏற்கெனவே இறக்கிவிட்ட கிளிப்புக்குப் பொருந்தாது, மறுபடி இழுத்துப்போட வேண்டும். புது ஸ்டீரியோ டிராக் போட்டார். சரியாயிற்று.

முதல் ராத்திரிப் பதிவுதான் சிக்கல். திரையில் இரண்டு அலை தெரிகிறது, ஆகவே ஸ்டீரியோ என்று அடித்துச் சொன்னார். இரண்டு அலை இருந்தால் ஸ்டீரியோ ஆகிவிடாது. ஒரே சாம்பாரை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினால் இரண்டு குழம்பா? இதற்குப் பரீட்சை ப்ளம்லைனின் கழித்தல்தான். ஆடாசிட்டியில் அந்த டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வெர்ட்’ செய்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். இரண்டும் ஒன்றேயென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மௌனம்தான் மிஞ்சும். வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கேட்கும். (நடுவில் வைத்த குரல் இதில் காணாமல் போகும். பழைய கரோக்கே மெஷின்கள் பாடகரைத் துரத்தியது இப்படித்தான்.)

ஓடவிட்டோம். நிசப்தம். திரையில் கோடு அசையவில்லை.

இடம் அடைக்கிறதென்று அந்த ராத்திரியை மட்டும் எம்பி3-யாக மாற்றும்போது மோனோ என்பதை அழுத்தியிருக்கிறார். பிறகு கார்டைத் துடைத்துவிட்டார். “மறுபடி பிரிக்க முடியாதா?” என்றார். 10 மட்டும் கையில் இருந்தால் அது ஏழும் மூன்றுமா, ஆறும் நாலுமா என்று எப்படிச் சொல்வது? இப்போது குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தருகிற செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் இருக்கின்றன. நன்றாகவே பிரிக்கின்றன. ஆனால் முகவீணைக்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பது அவற்றுக்குத் தெரியாது. நீங்கள் சொல்கிற பக்கத்தில் உட்காரவைக்கும். அறுபதுகளில் மேல்நாட்டு ரெக்கார்டு கம்பெனிகள் பழைய மோனோ பதிவுகளை எடுத்து, கனமான ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறுபக்கமும் தள்ளி, ஸ்டீரியோ என்று லேபிள் ஒட்டி விற்றன. கேட்டுப் பார்த்தால் பாடகரைக் குறுக்கே அறுத்த மாதிரி இருக்கும். அந்த வேலைக்கு மோனோவே மரியாதை.

கேட்கிறவர் பக்கத்தில் நடக்கிற கூட்டல் எந்த நஷ்டமும் செய்வதில்லை. பஸ் ரேடியோ பரண் கதவைச் சாத்தினாலும் நிலையத்தில் பாட்டு முழுசாகத்தான் இருக்கிறது. மூலப் பதிவிலேயே கூட்டிவிட்டு மற்றதைத் துடைப்பதுதான் கொடுமை. மெமரி கார்டு விலையைப் பார்த்தால் அதற்கு அவசியமும் இல்லை.

லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அது அந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இ.எம்.ஐ.யின் பெரிய கிராமஃபோன் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1935-ல் ப்ளம்லைனின் ஆட்கள் கம்பெனிக் கட்டடத்தின் மேலிருந்து பக்கத்து ரயில் நிலையத்தைப் படம் பிடித்தார்கள், ஸ்டீரியோ ஒலியோடு. கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது. நீராவி ரயில்கள் வரும், போகும். விற்க முடியாத சரக்குதான். ஆனாலும் இரண்டு தடமும் பத்திரமாகத் தப்பித்து வந்திருக்கின்றன. இன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால், தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய அந்த ரயில் ஒரு காதில் நுழைந்து தலைக்குள் குறுக்கே ஓடி மறு காது வழியாக வெளியே போகிறது.