கயிறும் இறைச்சித் துண்டும்: கீழ்ப்படிதல் போட்டிகளின் வரலாறு எழுப்பும் ஒரு கேள்வி

1933 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில், ஒரு செல்வந்தரின் தோட்ட வளாகத்தில் எட்டு நாய்களுக்குச் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. மூன்று பூடில்கள், இரண்டு லாப்ரடார்கள், இரண்டு ஸ்பிரிங்கர் ஸ்பேனியல்கள், ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். உரிமையாளரின் இடப்பக்கம் ஒட்டி நடப்பது, அழைத்தவுடன் வருவது, எறிந்த பொருளை எடுத்து வருவது, உரிமையாளர் கண்ணில் படாத போதும் இட்ட இடத்திலேயே இருப்பது ஆகியவை அன்று சோதிக்கப்பட்டன. நடத்தியவர் அவ்வீட்டு மகளான ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். அவர் பூடில் வளர்ப்பவர். ரோமத்தைக் கத்தரித்து அலங்கரிக்கப்படும் பூடில் வெறும் ஒப்பனைப் பொம்மை என்ற ஏளனத்துக்கு விடையளிப்பதே அவருடைய நோக்கம். நாயின் தோற்றத்தை மட்டும் அளக்கும் கண்காட்சிக்கு மாற்றாக அதன் அறிவை அளக்கும் ஒரு களம் வேண்டும் என அவர் எண்ணினார். அமெரிக்காவில் கீழ்ப்படிதல் போட்டி என இன்று அறியப்படும் விளையாட்டின் தொடக்கம் அதுவே.

இவ்விளையாட்டின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றனர். முற்காலத்தில் நாய்கள் அடித்தும் இழுத்தும் பழக்கப்பட்டன; பின்னர் அறிவியல் வளர்ந்தது; பரிசளித்துப் பழக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது; கொடுமை விலகிக் கனிவு வந்தது. கேட்பதற்கு இனிய இக்கதை, ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தவுடன் ஆட்டம் காண்கிறது.

பரிசளித்துப் பழக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. எஸ். டி. ஹேமண்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1880களிலேயே வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய நூலில், சாட்டையைக் கைவிட்டு, சரியாகச் செய்த நாய்க்குப் பாராட்டையும் இறைச்சித் துண்டையும் தருமாறு பரிந்துரைத்தார். அக்காலத்து வேட்டைக்காரர் வழக்கில் நாயைப் பழக்குவதற்கு ‘உடைத்தல்’ என்றே பெயர். ஹேமண்ட் தம் நூலின் துணைத்தலைப்பிலேயே ‘பயிற்றுதல்’ என்பதை ‘உடைத்தல்’ என்பதற்கு எதிராக நிறுத்தினார். 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளையும் நாய்களையும் கூண்டுப்பெட்டிகளில் வைத்துச் செய்த ஆய்வுகள், நல்விளைவைத் தரும் செயல் நிலைபெறுகிறது என்பதைக் காட்டின. உளவியல் பாடநூல்கள் இன்றும் சொல்லும் ‘விளைவு விதி’ அங்கிருந்தே பிறந்தது.

முதல் உலகப்போரின்போது, 1917இல், பிரித்தானிய இராணுவத்துக்காக ஷூபரினஸ் என்னும் இடத்தில் போர்நாய்ப் பள்ளியைத் தொடங்கிய எட்வின் ரிச்சர்ட்சன் அன்பையே அடிப்படையாகக் கொண்டார். அதற்கான காரணம் நடைமுறை சார்ந்தது. செய்தி சுமந்து போர்முனையிலிருந்து திரும்பும் நாயின் அருகில் பயிற்றுநர் இருப்பதில்லை; அதன் கழுத்தில் கயிறும் இல்லை. குண்டுகளுக்கு நடுவே அது தானாக விரும்பி ஓடிவர வேண்டும். அச்சத்தால் மட்டும் பணியும் நாய், அச்சுறுத்துபவர் கண்ணில் இல்லாதபோது ஏன் ஓடிவரப் போகிறது?

இதற்கு மறுபுறம் நின்றவர் ஜெர்மனியக் காவல்துறையைச் சேர்ந்த கொன்ராட் மோஸ்ட். அவருடைய பயிற்சி நூல் 1910இல் வெளிவந்தது. மோஸ்டை வெறும் கொடுமைக்காரராகச் சித்திரிப்பது பிழையாகும். நாய்க்கு நன்மை தீமை என்ற அறவுணர்வு கிடையாது, செயலுக்கும் விளைவுக்கும் இடைப்பட்ட நேரம் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும் என்பன போன்ற கருத்துகளை ஆய்வகங்கள் விரித்துரைக்கும் முன்பே அவர் தெளிவாக எழுதினார். பரிசின் பயனையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் மனிதனே மேலாதிக்கம் செலுத்த வேண்டும், அதற்கு வலுக்கட்டாயம் தேவை என்பது அவருடைய முறையின் அடித்தளம். காவலுக்கும் போருக்கும் நாய்களைப் பழக்கியவர்களிடையே இம்முறை வலுவாக வேரூன்றியது.

ஆக, 1933இல் மவுண்ட் கிஸ்கோவில் எட்டு நாய்கள் களமிறங்கியபோது இரண்டு வழிகளும் அச்சில் இருந்தன. வீட்டு நாய் அவற்றுள் எவ்வழியே சென்றது, ஏன் என்பதே கேள்வி.

வாக்கர் தம் சோதனைக்கு முன்மாதிரியாகக் கொண்டது பிரித்தானியாவில் மேய்ப்பு நாய், காவல் நாய், இராணுவ நாய் ஆகியவற்றுக்கான சங்கம் நடத்திவந்த சோதனைகளை. 1934இல் அவரே இங்கிலாந்து சென்று அவற்றை நேரில் கண்டுவந்தார். அதே ஆண்டில் அவருடைய நாய்ப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பிளான்ச் சாண்டர்ஸ், விரைவிலேயே இயக்கத்தின் முதன்மைப் பயிற்றுநரானார். அமெரிக்கன் கென்னல் கிளப் 1936இல் இப்போட்டிகளை ஏற்று விதிகளை வகுத்தது. 1937இல் இவ்விரு பெண்களும் மூன்று பூடில்களுடன், காரின் பின்னால் பூட்டிய 21 அடி நீள வண்டியில், ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து ஊர் ஊராகச் செயல்முறை விளக்கம் அளித்தனர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நிழல் இன்னும் விலகாத ஆண்டுகளில் இரண்டு பெண்கள் தனியே மேற்கொண்ட இப்பயணம், தன்னளவிலேயே ஒரு சமூக வரலாற்று நிகழ்வு.

கடன் வாங்கிய முன்மாதிரி தன் அடையாளத்தையும் உடன் கொண்டுவந்தது. பல்லாண்டுகள் வழக்கிலிருந்த தொடக்கநிலைப் போட்டியின் மதிப்பெண் தாளைக் கண்டால் இது விளங்கும். மொத்தம் 200 மதிப்பெண், தேர்ச்சிக்கு 170, ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும். கயிற்றுடனும் கயிறின்றியும் ஒட்டி நடத்தல், நிற்கும் இருவரைச் சுற்றி எட்டு வடிவில் நடத்தல், நடுவர் தொடும்போது அசையாது நிற்றல், அழைப்புக்கு வருதல், ஒரு நிமிடம் அமர்ந்திருத்தல், மூன்று நிமிடம் படுத்திருத்தல். நாய் சற்றுக் கோணலாக அமர்ந்தாலும் மதிப்பெண் குறையும். வீட்டு வாசலில் விருந்தினர் மீது தாவாதிருப்பதற்கு இத்தாளில் இடமில்லை. அணிவகுப்புத் திடலின் ஒழுங்குக்கு இடமுண்டு.

போட்டிக் களத்தில் உணவு கூடாது என்பதும் விதி. சோதனைக் கணத்தில் கையூட்டுக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் களத்தில் கூடாதது பயிற்சியிலும் கூடாது என்ற நம்பிக்கைக்கு இவ்விதி துணைநின்றது எனக் கருத இடமிருக்கிறது. உணவுக்காக உழைக்கும் நாய், உணவில்லாத களத்தில் கைவிட்டுவிடும் என்று பயிற்றுநர் அஞ்சினர். கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்து, நாய் சரியான நிலைக்கு வந்தவுடன் பாராட்டுவது பொதுமுறையாயிற்று. ஒரே பயிற்றுநர் முன்னே நிற்க, இருபது பேர் தத்தம் நாய்களுடன் வட்டமாக நடக்கும் வகுப்புக்கு இது எளிதில் பொருந்தியது. நியூயார்க்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் நடத்திய இத்தகைய வகுப்புகளுக்கு 1944இல் சாண்டர்ஸ் பொறுப்பேற்றார். வதைத் தடுப்புக்கென்றே அமைந்த சங்கத்தின் கூரையின் கீழ்ச் சங்கிலியைச் சுண்டக் கற்றுத்தந்தபோது எவருக்கும் முரண் தோன்றவில்லை. கொடுமையின் எல்லைக்கோடு காலத்துக்குக் காலம் இடம்பெயர்கிறது என்பதற்கு இது சான்று.

சாண்டர்ஸின் பங்களிப்பு இதனால் சிறுத்துவிடவில்லை. 1946இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பு, நாயைப் பழக்க உங்களைப் பழக்குகிறேன் என்னும் பொருள் கொண்டது. தவறு நாயின் பிறவிக்குணத்தில் இல்லை, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரிடம் இருக்கிறது என்ற எண்ணம் அத்தலைப்பில் பொதிந்துள்ளது. நாய்ப் பயிற்சி வேட்டைக்காரர், காவலர் ஆகியோரின் தொழில்நுணுக்கமாக இருந்த நிலை மாறி, சாதாரணக் குடும்பத்தின் கடமையாக உருக்கொண்டது இவர்களால்தான்.

இரண்டாம் உலகப்போர் இவ்வழியை மேலும் இறுக்கியது. போர்நாய்களைப் பழக்கிய அனுபவம் பெற்றவர்கள் போருக்குப் பின் வீட்டு நாய்களின் ஆசிரியர்களாயினர். அவர்களுள் புகழ்பெற்றவர் வில்லியம் கோலர். 1962இல் வெளியான அவருடைய நூல், ஒவ்வொரு மீறலுக்கும் தவறாத தண்டனை என்ற கொள்கையைக் கொண்டது. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு, அக்குழியில் நீர் நிரப்பி அதன் தலையை அமிழ்த்துவதும் அந்நூல் கூறும் பரிகாரம். மற்றவர் கைவிட்ட முரட்டு நாய்கள் கொல்லப்படுவதைவிடக் கடுமையாகத் திருத்தப்படுவது மேல் என்பது அவர் தரப்பு வாதம். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை; ஆனால் கொலைக்கும் வதைக்கும் இடையே மூன்றாவது வழி இல்லை என்ற முற்கோளின் மீதே அது நிற்கிறது.

அந்த மூன்றாவது வழி அப்போது ஆய்வகத்தில் இருந்தது. பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில், சிறு விளையாட்டுக் கருவியின் ‘டிக்’ ஒலியை உணவுடன் இணைத்து, அவ்வொலியைக் கொண்டே வீட்டு நாயைப் பழக்கும் வழியைப் பொதுவாசகருக்கு விளக்கினார். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் இதே முறையில் கோழி முதல் பன்றி வரை பல உயிரினங்களைப் பழக்கி, அதையே தொழிலாக நடத்தினர். பொதுமக்கள் படிக்கும் இதழில் அச்சான முறை, நாய்ப் பயிற்சி வகுப்புகளுக்குள் பரவலாக நுழைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அது வந்த பாதை வியப்புக்குரியது. பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வராமல், கடல்வழியே சுற்றி வந்தது. 1960களில் ஹவாய்த் தீவுகளின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்றில் டால்பின்களைப் பழக்கியவர் கேரன் பிரையர். டால்பினின் கழுத்தில் சங்கிலி மாட்ட முடியாது. கோபம் கொண்டால் அது நீந்தி அகன்றுவிடும். விசில் ஒலியும் மீனும் மட்டுமே பயிற்றுநர் கையில் இருந்தன. அவ்வனுபவத்திலிருந்து பிரையர் 1984இல் எழுதிய நூலும், 1990களில் அவர் நடத்திய பயிலரங்குகளும் ‘கிளிக்கர்’ முறையை நாய் வளர்ப்போரிடம் கொண்டுசேர்த்தன. ரிச்சர்ட்சனின் செய்திநாயும் பிரையரின் டால்பினும் ஒரே பாடத்தைக் கூறுகின்றன. கயிறு எட்டாத இடத்தில் மனிதர் கனிவின் பயனைக் கண்டறிந்தனர். கயிறு கையில் இருந்த இடத்தில் அதைத் தேடும் தேவையே அவர்களுக்கு எழவில்லை.

இம்முடிவுக்கு வலுச்சேர்க்கும் இன்னொரு சான்று வயது வரம்பு. பழைய வகுப்புகள் ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளைச் சேர்ப்பதில்லை. சங்கிலியின் சுண்டுதலை இளங்கழுத்து தாங்காது என்பது அதன் முக்கியக் காரணம். கால்நடை மருத்துவரும் விலங்கு நடத்தை ஆய்வாளருமான இயன் டன்பார், 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கயிறில்லாக் குட்டி வகுப்புகளைத் தொடங்கினார். உணவைக் காட்டி அமரவும் படுக்கவும் கற்பித்தபோது, இரண்டு மூன்று மாதக் குட்டியும் மாணவனாயிற்று. குட்டிகள் கற்கும் வயதை எட்டவில்லை என்ற நெடுநாள் நம்பிக்கை, குட்டியின் இயல்பைவிடக் கருவியின் இயல்பையே அதிகம் சொன்னது.

அறிவியல் எப்போதும் கனிவின் பக்கமே நின்றது என்றும் கூற இயலாது. ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் வெளியிட்ட, கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றிய ஆய்வு, கூட்டத்தில் தலைமைக்கான ஓயாத போட்டி நிலவுவதாகச் சித்திரித்தது. டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அக்கருத்தைப் பரப்பியது. வீட்டு நாயும் தலைமைக்குப் போட்டியிடுகிறது, அதை அடக்கி வைக்க வேண்டும் என்ற போதனைக்கு இது ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1978இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவியர் எழுதிய புகழ்பெற்ற நூல், நாயை மல்லாத்தி அழுத்திப் பிடிக்கும் முறையைக்கூடப் பரிந்துரைத்தது. பிற்காலத்தில் அவர்களே அதைக் கைவிட்டனர். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று மெக் 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்தினார். ஆய்வாளர் திருத்திக்கொண்ட பின்னும் அச்சொல் மக்கள் வழக்கில் இன்றுவரை உலவுகிறது.

போட்டியின் அமைப்பும் மெல்ல மாறியது. 1989இல் அமெரிக்கன் கென்னல் கிளப் தொடங்கிய ‘நற்குடிமை நாய்’ சோதனையில் மதிப்பெண்ணே இல்லை. அந்நியர் அணுகும்போது அமைதி காத்தல், கூட்டத்தினூடே நடத்தல், இன்னொரு நாயைக் கண்டும் நிதானம் இழவாதிருத்தல், உரிமையாளரைப் பிரிந்து மூன்று நிமிடம் இருத்தல் எனப் பத்துச் சோதனைகள். வெற்றி அல்லது தோல்வி. கலப்பின நாய்களுக்கும் அதில் இடமுண்டு. முறையான கீழ்ப்படிதல் போட்டியிலோ கலப்பின நாய்கள் 2010இல்தான் அனுமதிக்கப்பட்டன. தோற்றத்தைக் கொண்டு ஒரு நாயை எடைபோடாதீர் என்ற முறையீட்டுடன் பிறந்த விளையாட்டு, பிறப்பைக் கொண்டு எழுபதாண்டுகளுக்கு மேலாகக் கதவடைத்திருந்தது. 2018இல், உரிமையாளர் கண்ணுக்கு மறைந்திருக்க நாய்கள் வரிசையாகக் காத்திருக்கும் சோதனை இடைநிலைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. பிற நாய்களின் அருகே ஆதரவின்றி விடப்படும் நாயின் பாதுகாப்பு அப்போது ஒரு கேள்வியாக ஏற்கப்பட்டது. 1933இல் பெருமையுடன் காட்டப்பட்ட சாதனை அது.

இவ்வரலாறு நாய்களைப் பற்றியது மட்டுமன்று. அறிவு பிறந்த நாளும் அது நடைமுறையான நாளும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. இடையில் மதிப்பெண் தாள் இருக்கிறது, வகுப்பின் அமைப்பு இருக்கிறது, சேர்க்கை வயது இருக்கிறது, கையிலிருக்கும் கருவி இருக்கிறது. ஹேமண்டின் நூலுக்கும் பிரையரின் நூலுக்கும் இடையே நூறாண்டு. அந்த நூறாண்டில் குறைவாக இருந்தது அறிவு அன்று. அதைக் கேட்கும் தேவையுடைய நிறுவனம் இல்லை. அந்த இடைவெளியின் விலையைக் கழுத்தில் சங்கிலி சுமந்த நாய்கள் செலுத்தின.