கொசுறாக வந்த கலப்பை

1910 வாக்கில் அமெரிக்காவின் மக்காச்சோள, கோதுமை மாநிலங்களில் இருந்த விவசாயிகளுக்குக் குதிரை வாங்குவது கைவந்த கலை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், கொஞ்சம் ஓடவிட்டு மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பார்கள். விற்பவர் என்ன விலை சொன்னாலும் அது எவ்வளவு பெறும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். அதே ஆட்கள் முதல் டிராக்டர் வாங்கப் போனபோது இந்த அனுபவமெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. இரும்புக்குப் பல் இல்லை. விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஆசியோலா ஊர்ப் பக்கம் விவசாயம் செய்த வில்மட் குரோசியர் நம்பித்தான் வாங்கினார். அவர் முதலில் வாங்கியது ‘ஃபோர்டு’ டிராக்டர். ஆனால் அது ஹென்றி ஃபோர்டு செய்ததல்ல. மின்னியாபோலிசில் சிலர், ஃபோர்டு என்ற குடும்பப் பெயர் கொண்ட வேறொருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெயரிலேயே ஒரு கம்பெனி நடத்தி வந்தார்கள். வண்டி வேலைக்கு ஆகவில்லை. அடுத்து ‘புல்’ என்ற டிராக்டர், அதுவும் ஏமாற்றமே. மூன்றாவதாக வாங்கிய ‘ரூம்லி ஆயில்புல்’ மட்டும் சொன்ன வேலையைவிட அதிகமாகவே செய்தது. இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட குரோசியர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனதால், மற்றவர்களைப்போல டீலரைத் திட்டுவதோடு அவர் நிற்கவில்லை. செனட்டர் சார்ல்ஸ் வார்னருடன் சேர்ந்து 1919இல் ஒரு சட்டத்தையே கொண்டுவந்தார்.

சட்டம் சொன்னது எளிமையானது. நெப்ராஸ்காவில் விற்க வேண்டுமானால் ஒவ்வொரு மாடலையும் லிங்கனில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் சோதிக்க வேண்டும். பெல்ட் போட்டு இயந்திரம் ஓட்டும்போது எவ்வளவு திறன், பாரம் இழுக்கும்போது எவ்வளவு திறன், எரிபொருள் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து வெளியிட வேண்டும். உதிரிபாகக் கிடங்கு ஒன்று மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 1920 வசந்தத்தில் முதலில் சோதனைக்கு வந்து தேறியது ‘வாட்டர்லூ பாய்’. பின்னால் வந்த பல வண்டிகள் சொன்ன திறனை எட்டவில்லை. சிலவற்றை மாற்றியமைத்த பிறகே விற்க முடிந்தது. பேரத்தில் வாங்குபவர் பக்கம் முதன்முதலாக ஓர் ஆதாரம் வந்து சேர்ந்தது இப்படித்தான். இன்று மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் இந்திய டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறதே, அதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான்.

ஆனால் சோதனை அறிக்கை சொல்வது திறனைத்தான், விலையை அல்ல. விலையைப் பற்றி ஊரெல்லாம் பேசவைத்தது 1922.

அசல் ஹென்றி ஃபோர்டு 1917 அக்டோபரில் ‘ஃபோர்ட்சன்’ டிராக்டரை டியர்பார்னில் உற்பத்தி செய்யத் தொடங்கியிருந்தார். 1918இல் அதன் விலை 750 டாலர் அளவில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்து 1920இல் விளைபொருள் விலை சரிந்தது. 1919இல் புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, இரண்டு டாலருக்கு மேல் விற்ற கோதுமை 1921இல் ஒரு டாலர் அளவுக்கு இறங்கியது. டிராக்டர் கடைகளில் ஈ ஓட்டினார்கள். வாட்டர்லூ பாய் கம்பெனியை வாங்கியிருந்த ஜான் டியர் நிறுவனம் 1921 முழுவதும் விற்ற அந்த டிராக்டர்கள் வெறும் 79. அந்த நேரம் பார்த்து, 1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 625 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த ஃபோர்ட்சனை ஃபோர்டு 395 டாலராக்கினார்.

சிகாகோவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பொதுமேலாளர் அலெக்சாண்டர் லெக் இந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டார். நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் மெக்கார்மிக் பின்னாளில் இதை எழுதிவைத்திருக்கிறார். கேட்டதும் லெக் கொதித்துப்போனாராம். அடுத்த நிமிடமே தங்கள் விலையையும் குறைக்கச் சொன்னார். கூடவே ஒரு கலப்பையையும் சும்மா கொடுக்கச் சொன்னார். அப்படியே ஆயிற்று. ‘டைட்டன்’ டிராக்டர் 700 டாலர், சிறிய ‘8-16’ 670 டாலர், இரண்டுக்கும் கலப்பை கொசுறு. எங்கேயாவது ஒரு ஃபோர்ட்சன் விற்கப்போகிறது என்று தெரிந்தால் போதும், ஹார்வெஸ்டர் ஆட்கள் தங்கள் வண்டியோடு அந்த வயலுக்கே போய் நேருக்கு நேர் உழுது காட்டலாமா என்று சவால் விட்டார்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்தக் கலப்பையைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். 395 டாலர் ஃபோர்ட்சனுக்குக் கலப்பை தனி. ஃபோர்டு டீலர்கள் பெரும்பாலும் ஆலிவர் கம்பெனியின் கலப்பையைச் சேர்த்து விற்றார்கள். கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டப் பெல்ட் மாட்டும் கப்பியும் கூடுதல் விலைக்குத்தான். 1924இல் பின்சக்கரங்களுக்கு மேல் நீண்ட மட்கார்டுகள் வந்தன. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கும்போது முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே கவிழ்வதைத் தடுக்க வைத்தவை அவை. உயிர் காக்கும் அந்தப் பொருளுக்கும் தனியாகத்தான் பணம் வாங்கினார்கள். வண்டியின் விலையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அதை வேலைக்கு லாயக்காக்கும் சாமான்களைப் பட்டியலின் அடியில் வைப்பது அன்றே தொடங்கிவிட்ட வழக்கம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1918இல் 750 டாலர் ஃபோர்ட்சனை வாங்க ஒரு விவசாயி ஏறக்குறைய 370 புஷல் கோதுமை விற்றால் போதும். 1922இல், உலகமே வியந்த அந்த 395 டாலர் விலைக்கு, அவர் 400 புஷல் அளவுக்கு விற்க வேண்டியிருந்தது. டாலரில் பாதியாகிவிட்ட டிராக்டர் கோதுமையில் சற்று ஏறித்தான் இருந்தது. விலை குறைத்த வள்ளலாக ஃபோர்டைப் புகழும் புத்தகங்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அந்த விலைப்போரில் பலர் வீழ்ந்தார்கள். ‘சாம்சன்’ என்ற பெயரில் டிராக்டர் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 3.3 கோடி டாலரைத் தொலைத்துவிட்டு 1922இலேயே தொழிலை மூடியது. ஃபோர்டு 1923இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்களைச் செய்து குவித்தார். அவற்றைத் தள்ளிவிடும் பாரம் டீலர்கள் தலையில் விழுந்தது. கார் வேண்டும் என்று கேட்ட டீலர்களுக்கு டிராக்டரும் சேர்ந்தே வந்து இறங்கியது. பணமில்லாத விவசாயியிடம் பழைய குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் விலைக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தவணையாக்கும் பழக்கமும் டீலர்களிடையே பரவியது. அங்கே மட்டும் விவசாயியின் கை கொஞ்சம் ஓங்கியிருந்திருக்க வேண்டும். குதிரையின் குறை அதை வளர்த்தவருக்குத் தெரிந்த அளவுக்கு இயந்திரம் விற்பவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் ஃபோர்ட்சனைச் சாய்த்தது விலை அல்ல. 1924இல் ஹார்வெஸ்டர் வெளியிட்ட ‘ஃபார்மால்’, வரிசைப் பயிர்களுக்கு நடுவே நுழைந்து களையெடுத்தது. அதற்கென்றே செய்த கருவிகள் அதோடு வந்தன. ஃபோர்ட்சனைவிட விலை கூடுதல்தான். ஆனாலும் குதிரைக்கென்று மிச்சமிருந்த வேலையையும் அது பிடுங்கிக்கொண்டதால் விவசாயிகள் அதை வாங்கினார்கள். 1928இல் ஃபோர்டு அமெரிக்காவில் டிராக்டர் செய்வதையே நிறுத்தி, தயாரிப்பை அயர்லாந்தின் கார்க் நகருக்கு மாற்றினார்.

அந்த நிறுத்தத்தால் பிழைப்பை இழந்தவர்களில் ஓர் அயர்லாந்துக்காரரும் இருந்தார். ஹாரி ஃபெர்குசன் 1925 முதல் இண்டியானாவின் எவான்ஸ்வில் நகரில் ஷெர்மன் சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்து ஃபோர்ட்சனுக்குப் பொருத்தமான கலப்பை செய்து வந்தார். வண்டி நின்றது, கலப்பையும் நின்றது. கலப்பையையும் டிராக்டரையும் இரண்டு பொருளாகப் பார்ப்பதுதான் கோளாறு என்பது அவருடைய கட்சி. மூன்று முனைகளில் மாட்டி, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் அமைப்பை அவர் உருவாக்கினார். கருவியின் பாரமும் இழுவையும் பின்சக்கரங்களை மண்ணோடு அழுத்தியதால் முன்பக்கம் எழும்பும் ஆபத்து பெருமளவு குறைந்தது. எடை குறைந்த சிறிய டிராக்டரே பெரிய வண்டியின் வேலையைச் செய்தது. இன்றைய சிறு டிராக்டர்களின் மூதாதை இதுதான்.

ஆனால் 1936இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஃபெர்குசன்-பிரவுன்’ விலைக் கணக்கில் தடுக்கி விழுந்தது. டிராக்டர் 224 பவுண்டு. கலப்பை, பார் போடும் கருவி, களையெடுக்கும் கருவி என்று ஒவ்வொன்றும் 26 பவுண்டு. பக்கத்துக் கடையில் ஃபோர்ட்சன் 140 பவுண்டு அளவில் கிடைத்தது. அதை வாங்கினால் கொட்டகையில் கிடக்கும் பழைய கருவிகளையே கோத்துக்கொள்ளலாம். ஃபெர்குசன் வண்டியை வாங்கியவர் அவற்றையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். சுமார் 1,350 வண்டிகள்தான் விற்றன.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் தன் டிராக்டரையும் கருவிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் ஃபோர்டின் பண்ணை வீட்டு நிலத்தில் உழுது காட்டினார். இருவரும் கைகுலுக்கினார்கள். பத்திரம் எதுவும் எழுதவில்லை. டிராக்டரைச் செய்வது ஃபோர்டு, கருவிகளோடு விற்பது ஃபெர்குசன் என்பது ஏற்பாடு. 1939 ஜூனில் ‘9என்’ டிராக்டர் 585 டாலருக்கு வந்தது. ரப்பர் டயர், பேட்டரி, செல்ஃப் ஸ்டார்ட்டர், கருவிகளுக்கு விசை கொடுக்கும் பி.டி.ஓ., ஹைட்ராலிக் எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடங்கின. விளக்கு மட்டும் தனி. 1922இன் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் இது நேர்மையான விலைதான்.

அந்த நேர்மைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு தெரியவந்தது. டிராக்டர் செய்ததில் தனக்கு நஷ்டம் என்று ஃபோர்டு நிறுவனம் கணக்குக் காட்டியது. அதே ஆண்டுகளில் கருவிகளையும் விற்று வந்த ஃபெர்குசன் தரப்பு லாபம் பார்த்தது. பொறுப்புக்கு வந்த பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, தாத்தா கைகுலுக்கி முடித்த ஏற்பாட்டை முறித்தார். ஃபெர்குசன் 1948இல் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அடுத்த ஆண்டு அவருடைய கம்பெனி கனடாவின் மாசி-ஹாரிசுடன் இணைந்தது. அந்த வம்சத்து டிராக்டர்தான் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியாகச் சென்னையில் தயாராகி, தமிழ்நாட்டு வயல்களில் ‘மாசி’ என்று பெயர் வாங்கியது.

1950களுக்குப் பிறகு அமெரிக்கப் பண்ணைகள் பெருத்தன, டிராக்டர்களும் பெருத்தன. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்துக்கொண்டு வேலைக்கும் போய்வருகிறவர்களுக்கு ஏற்ற புது வண்டிகள் அருகின. அந்த இடத்தை நெல் வயல்களுக்கென்று சிறிய டிராக்டர் செய்து பழகிய ஜப்பான் பிடித்துக்கொண்டது. குபோட்டா 1969இல் 21 குதிரைத்திறன் வண்டியோடு அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. 1977இல் ஜான் டியரே ஜப்பானின் யன்மார் நிறுவனத்திடம் செய்துவாங்கிய 850, 950 மாடல்களைத் தன் பச்சை நிறத்தில் விற்கத் தொடங்கியது.

இந்தச் சிறு டிராக்டரை வாங்குபவர் பெரும்பாலும் முதல் தடவை வாங்குபவர். குதிரையும் வாங்கியதில்லை, டிராக்டரும் வாங்கியதில்லை. அவர் முன்னால் டீலர் வைப்பது ஒற்றை வண்டியின் விலையை அல்ல. முன்னால் லோடர், பின்னால் பள்ளம் தோண்டும் பேக்ஹோ, அடியில் புல்வெட்டி, கூட ஒரு ரோட்டவேட்டர், டயருக்குள் நிரப்பிய பாரநீர், ஏற்றுகூலி, பொருத்துகூலி எல்லாம் சேர்ந்த ஒரே தொகை. இரண்டு மூன்று கருவிகள் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி. வட்டியில்லாத் தவணை உண்டு. ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் கழிவு தவணைக்காரருக்குப் பெரும்பாலும் கிடையாது. அந்தக் கழிவுதான் வட்டி. லெக் கொடுத்த இலவசக் கலப்பையின் விலையும் இப்படித்தான் 700 டாலருக்குள் எங்கோ இருந்திருக்கும்.

இந்தத் தொகைக்குப் பயந்தவர்களுக்கு வேறொரு சந்தை இருந்தது. ஜப்பானில் சிறிது காலமே ஓடிய பழைய டிராக்டர்களைச் சிலர் மொத்தமாக வாங்கி அமெரிக்காவில் இறக்கினார்கள். கியர் குறிப்பு முதல் எச்சரிக்கை வரை எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். குபோட்டா இதை எதிர்த்து முறையிட்டது. அமெரிக்கச் சர்வதேச வணிக ஆணையம் 1997இல் குபோட்டா பெயர் தாங்கிய அப்படிப்பட்ட பல மாடல்களின் இறக்குமதியைத் தடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆங்கில எச்சரிக்கை இல்லை, அமெரிக்க டீலர்களிடம் உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் கிடைக்காது, ஆகவே பெயர் ஒன்றானாலும் பொருள் வேறு என்பது தீர்ப்பின் சாரம். பாகம் கிடைக்கிறதா என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்த்த குரோசியரின் சட்டத்துக்கு அப்போது எண்பது வயது.

அப்படி வந்த பழைய டிராக்டர்களில் யன்மார் வாங்கியவர்கள் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர்கள். ஜான் டியர் விற்ற 850, 950 வண்டிகளும் அதே பட்டறையில் பிறந்தவை என்பதால் சில பாகங்கள் ஒத்துப்போயின. ஜப்பானிய எழுத்து பொறித்த பழைய சிவப்பு டிராக்டருக்கு வேண்டிய சாமானை அவர்கள் பச்சை டிராக்டர் கடையின் கவுண்டரில் கேட்டு வாங்கினார்கள், டியர் விலைக்கு.