ஃபேன் சுத்துது.. ஆனா டிஸ்ப்ளே வரலையா? கம்ப்யூட்டரை கடைக்கு தூக்கும் முன் இதை செக் பண்ணுங்க!

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. ஆனால் திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. உடனே 'மதர்போர்டு போயிடுச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரங்களில் கழன்ற கேபிளோ, தூசி படிந்த ரேமோதான் காரணம். செலவில்லாத சோதனைகளில் இருந்தே தொடங்கலாம்.

கேபிள் சரியா இருக்கா?

மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்தால் மானிட்டருக்கு மின்சாரம் வருகிறது, படம்தான் வரவில்லை என்று அர்த்தம். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அதில்தான் மாட்ட வேண்டும்.

ரேமை கழற்றி மாட்டுவது எப்படி?

முதலில் பிளக்கை பிடுங்குங்கள். பவர் பட்டனை சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். தங்க நிற முனைகளை பென்சில் ரப்பரால் லேசாக துடைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால், ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக போட்டுப் பாருங்க. எதைப் போட்டால் டிஸ்ப்ளே வரலையோ, அதில்தான் கோளாறு.

தேதி, நேரம் மாறிடுதா?

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பழைய தேதி காட்டினால் மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர் 2032 பட்டன் பேட்டரிதான். மாற்றினால் போதும்.

கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகுதா?

பிராசஸர் மேல் உள்ள ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. தன்னைக் காத்துக்கொள்ள கம்ப்யூட்டர் தானே ஆஃப் ஆகிவிடும். தூசியை சுத்தம் செய்யுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாக தடவ வேண்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

பட்டனை அழுத்தியும் அசைவே இல்லை, கருகிய வாசனை வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்படலாம். அதன் பெட்டியை திறக்கவே கூடாது. பிளக்கை பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். அதை புதிதாக மாற்றுவதே பாதுகாப்பு.

ஹார்டு டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தாலும் உஷார். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால், மிச்சமிருக்கும் போட்டோவும் ஃபைலும் போய்விடலாம். உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் காட்டுங்கள்.

ரேம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு எது பழுதானாலும், உங்கள் ஃபைல்கள் இருப்பது ஹார்டு டிஸ்க்கில் அல்லது எஸ்எஸ்டியில். அது நல்லா இருந்தால் ஃபைல்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அதனால் கடையில் கொடுக்கும்போது, 'என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.